கீழே இரண்டு கோடு

மோன்-ரெப்போ என்றால் 'என் இளைப்பாறல்' என்றான் இருதயராஜ்,
புது வண்டியை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு.
சேன்-போல் மேட்டில் கரும்பு முடிகிற இடம்.
மாளிகைக்குப் பதினான்கு ஜன்னல்,
எல்லாம் கடலைப் பார்த்தவை.

எனக்குத் தொழில் திண்டிவனத்தில்.
தவணை கட்டாத டிராக்டர்களுக்கு
வங்கி சார்பில் விலை போடுகிறவன்.
டயரைத் தட்டுவேன், புகையை முகர்வேன்,
சேஸிஸ் எண்ணை விரலால் தடவி வாசிப்பேன்.
ரீயூனியன் வரைக்கும் தொழில் கூட வராது
என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கணக்கேடு.
எஜமான் செத்த மறுவாரம் எழுதியதாம்.
எனக்குப் பிரெஞ்சு தெரியாது,
அந்தக் கட்டங்கள் தெரியும்.
பெயர், வயது, வேலை, பழுது, விலை.
பழுதுக்கு நாங்கள் சிவப்பு மை.
இவர்கள் எல்லாவற்றையும் ஒரே மையில் முடித்திருந்தார்கள்.

காவல்காரி ழோஸ்லின் வாசிக்க வாசிக்க
மச்சான் தமிழில் சொன்னான்:
ஃபெலிசித்தே, மடகாஸ்கர், இருபத்திரண்டு.
கைக்குழந்தை அவள் விலைக்குள்ளேயே.
ழோசோன், மொசாம்பிக், முப்பது.
ஒருமுறை ஓடியவன், அதற்குக் கழிவு.
பிரான்சிஸ்க், மலபார், நாற்பத்தொன்று,
தச்சன், குடலிறக்கம், விலை இல்லை.

மலபார்னா?
"நம்ம பக்கம்தான்" என்றான்,
யார் காதிலோ விழுந்துவிடும் போலக் குரலை இறக்கி.
அடுத்த வரியில் ஒரு கோவேறு கழுதை.
அதற்கு நல்ல விலை.

எங்கள் படிவத்தில் பூஜ்யம் கிடையாது.
என்ஜின் செத்த வண்டியைக்கூட
இரும்புக்கு எடை போட்டு
எடுத்துக்கொண்டு போவார் காதர் பாய்.

பின்னால் அடிமைக் குடில்.
ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்,
எரிமலைக் கல், சுண்ணாம்பு.
பழக்கதோஷம், எட்டு வைத்து அளந்தேன்.
நாலுக்கு மூன்று.
எத்தனை பேர்?
ழோஸ்லின் தோளைக் குலுக்கினாள்.
ஏட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

புதிதாய் வெள்ளையடித்த சுவர் உள்ளங்கையில் ஒட்டியது.
கதவுக்குப் பின்னால் ஒரு ஈரத் துடைப்பம்,
இன்று காலை யாரோ துடைத்துவிட்டுப் போனது.
கடல் இருக்கிற பக்கம் சுவர்.

வாசலில் வருகையேடு.
'பூக்கள் அழகு' என்று ஒருவர்,
தேனிலவுக்கு வந்த ஜோடி ஓர் இதயம் வரைந்து.
பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன்.
கருத்து என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கையெழுத்து மட்டும் போட்டு
கீழே இரண்டு கோடு இழுத்தேன்,
முப்பது வருஷமாய் இழுக்கிற மாதிரி.

பேனாவை வைத்துவிட்டு
கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிப் போனேன்.
ஏட்டின் அடியில் விலை போட்டவனின் கையெழுத்து.
அதற்குக் கீழேயும் இரண்டு.
மேல்கோடு நீளம். கீழ்க்கோடு குட்டை.

வெளியே ஹாரன்.
சந்தை மூடிடுவாங்க, வெனிலா வாங்க வேண்டாமா?

கையில் இருந்த வெள்ளை சீட்பெல்ட்டில் பட்டது.
துடைக்கிறேன் என்று இன்னும் பரப்பிவிட்டேன்.
"பரவாயில்லை, விடு" என்றான்.
போன மாதம்தான் எடுத்த வண்டி.
என்ன விலை என்று
நான் கேட்கவில்லை.