சிவப்புக்கு வேறு தகடு

பொலித்தீன் தின்று செத்த யானைக்காகப்
பத்துக்கு ஆறில்
டிஜிட்டல் பெனர் ஒன்று கேட்டார்
சங்கத்துச் செயலாளர் நௌபீல்.
கண்ணீரோடு ஒரு குட்டியும் போடுங்க, என்றார்.
படமும் அனுப்பினார்:
பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில்
வைத்தியர் அறுத்துத் திறந்த வயிறு.

போனில் விரலால் விரித்தேன்.
சேற்றுக்கும் பச்சைக்கும் நடுவே
ஐந்து இதழ்ச் சிவப்புப் பூ.
இதழ் நுனி கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.
சாய்த்தது நான்.
லமிசா டெக்ஸின் பெருநாள் பைக்கு,
இருபதாயிரம் பைக்கு,
ஒரே இரவில் வரைந்தது.
அந்தக் காசில்தான் யன்னல் சீலை மாற்றினோம்.

பெனர் வேண்டாம், அதுவும் அதே சாமான்தானே என்றேன்.

வாப்பாவின் பழைய எக்ஸ்ரேயை
வெளிச்சத்தில் பிடித்து
விலா எலும்புகளின் குறுக்கே யானையை வெட்டினேன்.
பிளேடு ஐந்து போனது.
தும்பிக்கை மூன்று தரம் பிழைத்தது.
யானை ஒரு தரமும் பிழைக்கவில்லை.

தங்கச்சியின் டியூசன் விடைத்தாள்களின் முதுகில்
பேக்கரி அடுப்புக்கரியை மாக்கஞ்சியில் குழைத்துத்
தும்புப் பந்தால் ஒற்றினேன்.
கறுப்புக்கு ஒரு தகடு.
சிவப்புக்கு வேறு தகடு:
வயிற்றுக்குள் அந்தப் பூ,
பீட்ரூட் சாற்றில்,
அதே சாய்வு.
எழுத்து வைக்கவில்லை.
வைத்தால் யாருடைய பெயரை முதலில் வைப்பது?

நாற்பத்தொரு தாள்.
சுபஹ் முடிந்த கையோடு
அக்கரைப்பற்று மார்க்கெட் மதிலில் ஒட்டினேன்.
பத்து மணிக்கு முபாரிஸ் ஹாஜியாரின் போன்.
"எங்கட பூவ யானைக்குள்ள ஏன் புள்ள போட்ட?"
"நான் போடல்ல ஹாஜியார்,
அது அங்க இருந்திச்சு."
கொஞ்ச நேரம்
கல்லாப்பெட்டி திறந்து மூடும் சத்தம் மட்டும்.

அஸருக்குப் பிறகு போய்ப் பார்த்தால்
கீழ்வரிசை முழுவதையும் ஆடுகள் தின்றிருந்தன,
யானையின் நாலு காலையும்
பாதி வயிற்றையும்
யாரோ ஒரு பிள்ளையின்
கணிதம் முப்பத்துநான்கையும்.
கஞ்சிப்பசை ருசித்திருக்கும்.
ஒரு கிடாய் தாடையை அசைத்தபடி
என்னையே பார்த்தது. உதட்டில் சிவப்பு.

பயந்துபோய் அதன் பின்னாலேயே
பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன்,
கரி, மா, தாள், பீட்ரூட் என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டு.
வேறொன்றும் சேர்க்கவில்லை. இல்லை, சேர்க்கவில்லை.
அது நன்றாகத்தான் இருந்தது.
ஒரு தரம் செருமியது, வாலை ஆட்டியது,
மீன்கடைப் பக்கம் திரும்பி
காற்றில் உருண்டு வந்த
பூப்போட்ட பை ஒன்றை
முகர்ந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஓடினேன்.