நான்கு கட்டங்கள்

ஒன்றாம் தேதி, விடியற்காலை ஐந்தரை.
வேலூரில் ஒரு இயந்திரத்தைத் தொட
அதுதான் நேரம்.
எட்டு மணிக்கு மேல் ரவுட்டர்
தோசைக்கல்.

முதலில் மாடிப்படித் திருப்பத்துப் பெட்டி.
பெயின்ட் பிரஷால் தூசி தட்டுகிறேன்.
யுபிஎஸ்சுக்குப் பின்னால் பல்லி முட்டை இரண்டு,
போன மாதமும் இருந்தன,
அதே இரண்டா என்று தெரியவில்லை.
மூன்றாம் போர்ட்டில் எறும்பு குடியேறியிருக்கிறது
வாடகை தராமல்.
ஊதுகிறேன். காலி செய்யவில்லை.
கேபிளைச் செருகும்போது டிக் என்று கேட்கவேண்டும்,
கேட்காவிட்டால் ராத்திரி பன்னிரண்டுக்கு
இரண்டாம் மாடி வந்து என் கதவைத் தட்டும்.

தோட்டப்பாளையத்தில் பன்னிரண்டு அறை வீடு இது.
எல்லா அறையிலும் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்தவர்கள்.
மால்டா, அசன்சோல், அகர்தலா.
காலையில் டோக்கனுக்கு ஓடுவார்கள்
மாலையில் ஆற்றுமீன் விசாரிப்பார்கள்
(பாலாற்றைக் காட்டினால் சிரிப்பார்கள்)
இரவில் ஊரைக் கூப்பிட்டு
வீடியோவில் அழுவார்கள்.
ஓர் அழுகைக்கு எத்தனை எம்பிபிஎஸ் ஆகும் என்று
எனக்குத் தெரியும். இரண்டு போதும்.
கிரிக்கெட்டுக்குத்தான் ஐந்து.

மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவேன்.
ஒருமுறை வாழைப்பழம் என்று வைத்து
மாட்டிக்கொண்டேன்.
ஆங்கில எழுத்தில் அந்த ழகரத்தை
ஒருவர் எல் போட்டார், ஒருவர் இசட்,
ஐந்தாம் அறை விஸ்வாஸ் பாபு ஜே.
மூன்று நாள் யாருக்கும் ஊர் கிடைக்கவில்லை.
அடுத்த மாதமே மசாலாவடைக்கு இறங்கிவிட்டேன்.

பிறகு பட்டியல்.
இணைந்த கருவிகள் நாற்பத்தொன்று.
முப்பது நாள் வராததை நீக்கிவிடு,
இது நானே போட்ட விதி.
நீக்கவா? ஆம்.
நீக்கவா? ஆம்.
குணமாகிப் போனாரா,
போய்விட்டாரா,
ரவுட்டர் விசாரிக்காது.
இரண்டுக்கும் ஆஃப்லைன் என்று
ஒரே சொல்தான் வைத்திருக்கிறது.

இருபத்தாறாவது வரியில் கை நிற்கிறது, வழக்கம்போல.
நான்கு வெற்றுக் கட்டங்கள்.
ஏழாம் அறைப் பையன் புலு
அம்மாவின் போனுக்குத் தன் பெயரையே சூட்டினான்
வங்காளத்தில்.
இந்தப் பெட்டிக்கு அந்த எழுத்து தெரியாது.
ஒன்பது வயது. மொட்டைத் தலை.
திருப்பதி மொட்டை அல்ல.
கடைசியாகப் பார்த்தது: தொண்ணூற்று நான்கு நாள் முன்பு.
ஒரு குக்கரை விட்டுவிட்டுப் போனார்கள், விசில் இல்லாமல்.
நீக்கவா?
அடுத்த வரிக்குப் போகிறேன்.
விதி போட்டவளை யார் கேட்பது.

கடைசியில் லாக்.
படிக்காமல் அழிப்பதுதான் பழக்கம்.
ஐந்து ஐம்பத்திரண்டு, கடவுச்சொல் தவறு.
ஐந்து ஐம்பத்திரண்டு, தவறு.
ஐந்து ஐம்பத்து மூன்று.
பன்னிரண்டு இலக்க முகவரி,
வால் மட்டும் மனப்பாடம்:
ஏழு, சைபர், எஃப்.

காட்பாடிக்கு ஹவுரா வண்டி
இன்று நேரத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.
இருட்டில் பெல் அடிக்கக் கூசி
கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.
அவர்களுக்கு முன்னால் போன் தட்டுகிறது,
ஏப்ரல் மாதச் சொல்லை வைத்துக்கொண்டு.

போன் வந்திருக்கிறது.
போன் மட்டுமா என்று
லாக் சொல்லாது.

பிரஷ் கையில் இருப்பதை மறந்து இறங்குகிறேன்.
பதினெட்டுப் படி.
அப்பா. இரண்டு பை. ஒரு போர்வைச் சுருள்.
அம்மா.

பைக்குப் பின்னாலிருந்து ஒரு குரங்குக் குல்லாய்
எழுந்து தன்னைக் கழற்றுகிறது.
அடியில் கறுப்பாக, குட்டையாக,
என் கையில் இருப்பதைப் போலவே முடி.
கும்பிடு இல்லை, ஒன்றும் இல்லை.
போனை நீட்டி
"பாஸ்வேர்டு கீ?" என்கிறான்.

இந்த மாதத்துக்கு இன்னும் வைக்கவில்லை,
நீயே ஒன்று சொல் என்றேன்
எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இந்தியில்.
எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது.