பொறி

காசிமேட்டில் பழைய விலைக்கு வாங்கி
லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தானாம் கன்னியப்பன்.
காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீருக்கு
உப்பென்றால் என்னவென்று தெரியாது.
இன்ஜினுக்குத் தெரியும்.
கூலிங் மூடியைக் கழற்றிய திருகில்
இன்னும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்தான்.

"காத்தால தொட்டா சுடுது" என்றான்.
"கட்டின படகு கட்டின எடத்துலயே கீது.
டீசல்ல ஒரு லிட்டர் கொறையுது.
எவனோ ராத்திரி எடுத்துகினு போறான்,
விடியறதுக்குள்ள கொண்டாந்து உட்டுடறான்.
நீ ஒரு பொறி வைப்பா."

நான் வாலாஜா டோல்கேட்டில்
லாரிக்கு வயர் இழுக்கிறவன்.
பெட்ரோல் வண்டியென்றால் சுலபம்,
பொறியை அறுத்தால் அதோடு சரி.
டீசலுக்குப் பொறி கிடையாது.
நெருக்க நெருக்கச் சூடேறித்
தானே பற்றிக்கொள்கிற வகையறா.
ஸ்டார்ட்டர் வயரைத் துண்டித்துப் போட்டாலும்
டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு
கைப்பிடியை நாலு சுற்று சுற்றினால்
கரை அதிர உறுமும்.
அதற்குக் கஞ்சியைத்தான் நிறுத்தவேண்டும்.

ஆகவே சோலனாய்டு வால்வு.
பன்னிரண்டு வோல்ட் வந்தால் திறக்கும்,
வராவிட்டால் வாய் மூடிக்கொள்ளும்.
ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் அதன் இடம்.

"பேட்டரி செத்துப்போனா?"
"நடு ஏரியில நிப்ப."
யோசித்தான்.
கலங்கல் பக்கமாகத் துப்பினான்.
"பரவால்ல. வை."

ஸ்பேனரோடு குனிந்தேன்.
ஃபில்டர் கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தூசி இல்லை.
காற்றெடுக்கும் திருகின் தலை சிதையாமல் இருந்தது:
சரியான அளவு ஸ்பேனர் பிடித்த கை.
திருகுக்கு அடியில் புத்தம்புது செம்பு வாஷர்.

"ஃபில்டர் எப்ப கழுவின?"
"அதெல்லாம் நான் தொட்டதே இல்ல.
அதுவா நல்லா ஓடுது."

அது என் கடை வாஷர்.
பத்து எம்எம். போன செவ்வாய் விற்றது.
கழற்றினால் வீசிவிடாதே,
சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால்
இளகிவிடும், மறுபடி கசியாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"தெரியும்" என்றாள் அம்சவேணி.
பன்னிரண்டு ரூபாய் எண்ணி வைத்தாள்,
ஒரு நாணயத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.
சங்கத்துப் பட்டியலில் அவள் பெயர் இல்லையென்று
எனக்குத் தெரியும்.
கன்னியப்பனுக்கும் தெரியும்,
பட்டியல் எழுதியதே அவன்தான்.

வால்வை வைத்தேன்.
கூலி பேசி வந்தவன் வைக்காமல் என்ன செய்வான்.
சாவி, உட்காரும் பலகைக்குக் கீழே.
வயரை மட்டும் யார் கண்ணிலும் படாமல் ஓட்டு என்றான்.
படாமல்தான் ஓட்டினேன்.
கறுப்பு வயர், கறுப்பு டேப்,
பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் இறங்கி
ஃபில்டரின் முதுகை உரசிக்கொண்டு திரும்புகிறது.
சாவிக்குப் போகிற வயரும்
சாவியிலிருந்து வருகிற வயரும்
அங்கே ஒன்றின்மேல் ஒன்று.
இரண்டிலும் ஒரு ஒட்டு; ஈயம் வைக்கவில்லை,
டேப் மட்டும் சுற்றினேன்.
பொழுது சாய்ந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கண்ணுக்குத் தெரியாது.
இருட்டில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றித் துடைக்கிற
விரலுக்குத் தெரியும்.
இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால்
சாவி வெறும் இரும்பு.

சாவியில்லாமல் சுற்றிப் பார்த்தான்.
குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்து
இரண்டு இருமல் இருமி நின்றது.
குழந்தை மாதிரி சிரித்தான்.
சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு
பேசியதற்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் போன்: "ஜில்லுனு கீதுப்பா."
அடுத்த நாளும் ஜில்லென்று இருந்தது.
மூன்றாம் நாளும்.
நாலாம் நாள் போன் வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்
கடையில் வந்து நின்றாள் அம்சவேணி.
இன்சுலேஷன் டேப் வேண்டுமாம்.
சிவப்பு இருந்தது, எடுத்து வைத்தேன்.
தலையாட்டினாள்.
"கறுப்பு."