தலையில் அலை சூடிய எழுத்து

பைசாந்துவில் ஊரே மாத்தேயைக் கசப்பாய்க் குடிக்கும்.
வால்டெமார் மட்டும் சர்க்கரை போடுவார்.
ஞாயிறு மதியம் அது விசைப்பலகையில் கவிழ்ந்தது.

மடிக்கணினியைக் குப்புறப் போட்டோம்,
குடித்துவிட்டு வந்தவனைக் கிடத்துவதுபோல.
கழற்றிய திருகாணி பன்னிரண்டு.
எது எந்தக் குழிக்கென்று
முட்டை அட்டையில் பென்சிலால் குறித்தும்
மூடியபின் ஒன்று மிஞ்சியது.

விசிறி சுற்றியது. திரை வந்தது.
எல்லா எழுத்தும் வந்தன,
தலையில் அலை சூடிய ன ஒன்றைத் தவிர.

அது இல்லாமல் எங்கள் ஸ்பானியத்தில்
நாளை இல்லை, கனவு இல்லை.
வருடம் என்று தட்டினால் ஆசனவாய் என்று விழும்.
வாடகைக் கடிதம் அப்படியே போய்விட்டது:
இந்த ஆசனவாய்க்கு முழுதும் கட்டியாயிற்று.
வீட்டுக்காரரிடமிருந்து பதில் இல்லை.

சரகோசாவில் இருக்கும் யாமிலாவுக்கு
உன்னைத் தேடுகிறது என்று எழுதவும்
அதே எழுத்துதான் வேண்டும்.
நாலு நாளாய்
சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்றே எழுதினேன்.

வியாழன் இரவு
மருந்துக்கடை ஆல்கஹால், காது குடையும் பஞ்சு,
என் புருவச் சாமணம்.
எஃப் ஒன்பதை இந்த வீட்டில் யார் தொட்டார்கள்?
அதன் அடியிலிருந்த ரப்பர்க் குமிழைப் பிடுங்கி
இதன் அடியில் வைத்தார்,
மூச்சை அடக்கிக்கொண்டு.

தட்டினேன்.
வந்தது.
விரலை எடுத்தபிறகும் வந்தது,
வரி வரியாய், நிற்காமல்,
வெள்ளம் ஏறிய நாளின் ஆறுபோலத் திரை முழுக்க அலை.

அப்படியே யாமிலாவுக்கு அனுப்பினேன்.

அங்கே விடியாத நேரம். உடனே பதில்:
அப்பா இன்னும் சர்க்கரையை விடவில்லையா?