நடுப்பெட்டி

நாலு மணிக்குப் பாலம் போனது,
பாலத்தோடு கம்பியும்.
சுங்கை லாலாங் டவுனுக்கும் மூன்றாம் டிவிஷனுக்கும் நடுவே
மிச்சம் மூன்று பெட்டிகள்.
ஒன்று ஆ சியோங்கின் டுரியான் லோரியில்.
ஒன்று கோயில் மேட்டில், தவநேசனிடம்.
ஒன்று என் மோட்டாரின் பின்சீட்டில்,
ரெயின்கோட் போர்த்தி, கார் பேட்டரியோடு.

நனைந்த செம்பனை ஓலை அலையைத் தின்னும்.
வெயிலில் நாற்பது நிரை போவது
இன்று பதினைந்தைத் தாண்டவில்லை.

லோரிப் பக்கம் தள்ளினேன், தவநேசன் காணோம்.
தவநேசன் பக்கம் தள்ளினேன், லோரி ஊமை.
இரண்டு பேருக்கும் அரைகுறையாய்க் கேட்கிற இடம்
உரக்கொட்டகைக்குப் பின்னால்
ஒரு பாய் அகலம்தான்.
அங்கே தண்ணீர் முழங்கால்வரை.

நின்றேன்.

பச்சை விளக்கு சிமிட்டும்போதெல்லாம்
யாரோ யாருக்கோ எதுவோ.
பூட்டிய சேதி, எனக்குத் திறக்காது.
டயாலிசிஸுக்குப் போகவேண்டிய சிங்காரத்துக்குப் படகோ,
அரிசியை அலமாரி மேலே ஏற்று என்பதோ,
வட்டிக்காரன் விசாரிப்போ,
விளக்குக்கு எல்லாம் ஒரே சிமிட்டல்.

ஒன்பதரைக்கு எண் சட்டென்று இறங்கியது.
லோரி பின்வாங்குகிறது, தண்ணீர் துரத்தியிருக்கும்.
யாரும் கூப்பிடவில்லை.
நான் மோட்டாரை இருபது அடி உருட்டினேன்.
கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்க எண் ஏறியது.
இருட்டில் தவநேசனும்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
இறங்கி வந்திருக்கிறான்.

விடிந்து, காலில் அட்டை பிடுங்கும்போதுதான்
உறைத்தது:
என் போனை இந்த வலையில்
நான் சேர்க்கவே இல்லை.