புழு தின்ற இடம்

மூன்று மாடி உயரச் சாரத்தில்
கயிறும் நானும் ஒரு வாளித் தண்ணீரும்.
கீழே சிஎஸ்எம்டி
கல்யாண் லோக்கலில் வந்த கூட்டத்தை
வாசல் வாசலாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

தூண்தலைகளைத் துடைக்கிற வேலை.
நூறு வருஷத்துக்கும் மேலான புகை.
பல் தேய்க்கிற பிரஷ்தான் ஆயுதம்.
தேய்க்கத் தேய்க்கக்
கரிக்குள்ளிருந்து ஓர் அணில் மூக்கை நீட்டியது.
பிறகு வால். பிறகு அது கவ்வியிருந்த காய்.
பிறகு இலைகள், மேலும் இலைகள்.
என்ன மரமோ, பேர் தெரியாது.
ஆனால் நடுநரம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
மனசிலிருந்து செதுக்கினால்
நேராகத்தான் வந்திருக்கும்.

ஏழாவது இலையின் ஓரத்தில்
ஒரு கடி அளவுக்குக் காணோம்.

"சேதம்" என்றார் ஷிர்கே, கீழிருந்து பைனாகுலரில்.
"ஏய் இசக்கி, கலவை வச்சு அடை."

விரலை வைத்துப் பார்த்தேன்.
உடைந்த கல் கீறும். இது கீறவில்லை.
விளிம்பு உள்ளே சுருண்டு,
உளி நின்று, நிதானித்து,
வளைந்து போயிருந்தது.
தாராவியில் எங்கள் சந்தில்
பெயின்ட் டப்பாவில் மரகதம் வளர்க்கிற எலுமிச்சையை
பச்சைப் புழு தின்னுமே,
அதே அரைவட்டம்.

அன்று காலை எவனோ ஒரு கொப்பை ஒடித்து வந்து
கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறான்.
வாடுவதற்குள் முடிக்க வேண்டும்.
நல்ல இலையாகப் பொறுக்க நேரமில்லையா,
இல்லை, புழுவுக்கும் இதில் பங்குண்டு
என்று நினைத்தானா?

படிவத்தில் காரணம் எழுத நாலு கட்டம்:
மழை, புகை, வேர், புறா எச்சம்.
கீழே ஒரு கோடிழுத்து
'கீடா' என்று இந்தியில் எழுதிக் கயிற்றில் இறக்கினேன்.

"கல்லை எந்தப் புழுடா தின்னும்?"
ஷிர்கே சிரித்தது இதுவரை கேட்டது.
அப்புறம் தொப்பையும் ஹெல்மெட்டுமாக
மூச்சு வாங்கி ஏறி வந்தார்.
கையுறையைக் கழற்றினார்.
அவர் விரல் அந்த வளைவில்
ஒரு தரம் போய், திரும்பி,
இன்னொரு தரம் போனது.
கலவை வாளியை மூடச் சொன்னார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அணிலுக்குப் பின்னால் இடுக்கில்
ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறது.
வேரோடு இழுத்துக் குழியில் மருந்தை ஊற்றினேன்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
நாலு இலை, தளதளவென்று.
ஒன்றிலும் கடி இல்லை.