கெட்டுப் போகவில்லை

வூப்பர்டாலில் ஆறரை மணி.
தலைக்கு மேல் தொங்கு ரயில் போகும்,
கடைக் கண்ணாடி ஒருதரம் நடுங்கி அடங்கும்.
அதற்குப் பிறகுதான் கூல்மன் வருவார்.
கறுத்த ரொக்கன் பாண், ஒரு கிலோ, வெட்ட வேண்டாம்.
ஒன்பது மாதமாய் இதே சொல், இதே சில்லறை.

இன்று மழை. வேறு ஆளில்லை.
பாணைக் கவிழ்த்து அடியில்
விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.
வெறுங்குடம் போல் ஒலித்தது.
"சாங்சுன்னில் இந்தச் சத்தம் கிடையாது" என்று தொடங்கினார்.

கார் கட்டும் வேலை. ஏழு வருஷம்.
அங்கே பாண் என்றால் பஞ்சு,
பஞ்சுக்குள் இனிப்புப் பயறு,
பஞ்சுக்கு மேல் பன்றியிறைச்சி, அதுவும் பஞ்சாய்.
"குழந்தையின் கன்னத்தைக் கடிப்பது போல" என்று
தன் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினார்.
வியாழக்கிழமை மட்டும்
நகரின் மறுகோடியில் ஒரு ஹோட்டல் பின்கதவில்
ஆறு கறுத்த பாண் வரும். ஆறே ஆறு.
இரண்டு பஸ் மாறிப் போவாராம்.
பனிக்குள் நின்று
ஏழாவது ஆளாய்த் திரும்பிய நாளை
தேதியோடு சொன்னார்.

பிறகு, தானே சுடலாமென்று
மாவும் தண்ணீரும் குழைத்து ஒரு போத்தலில் அடைத்து
சுவரோரச் சூட்டுக் குழாயின்மேல் வைத்திருக்கிறார்.
ஐந்தாம் நாள் நுரைத்து மூடியைத் தள்ளியது.
ஆறாம் நாள் வீடு துடைக்க வந்த பெண்
திறந்து மணந்து
மூக்கைப் பொத்திக்கொண்டு கழிவறையில் ஊற்றி
போத்தலைப் பளிங்காய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.
"கெட்டுப் போகவில்லை என்று சொல்ல
எனக்குச் சீனத்தில் சொல்லில்லை."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

தொண்ணூற்றொன்று. ஹாகனில் அகதி விடுதி.
எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குசினி.
உழுந்தையும் அரிசியையும்
கோப்பி அரைக்கிற மெஷினில் பிடிபிடியாய்ப் பொடித்துக் கரைத்து
ஹீட்டர்மேல் துவாய் சுற்றி வைத்த என் தோசை மா
விடியமுன் பொங்கி வழிந்தது.
விடிந்ததும் வந்த பொறுப்பாளர் ஃபிராவ் போல்
ஜன்னலைத் திறந்தாள், சட்டியைத் தூக்கினாள்.
அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன்:
நன்றி, மன்னிக்கவும், எங்கே கையெழுத்து.
இரண்டு தரம் நன்றி சொன்னேன்.

இந்தக் கடையில் புளித்த மாவுக்குத் தனியறை,
சுவரில் வெப்பமானி.
அந்தக் கதவைத் திறக்க
எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

எல்லாம் கேட்டும் கூல்மன் சிரிக்கவில்லை.
"எவ்வளவு மா?" என்றார்.
இரண்டு லிட்டர் இருக்கும்.
"இரண்டு லிட்டர்" என்றார்,
செத்த வீட்டில் வயதை விசாரித்தவர் போல.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
குரல் தாழ்ந்திருந்தது, கைமாற்றுக் கேட்க வந்தவர் மாதிரி.
"அந்தப் பஞ்சுப் பாண்...
இங்கே எங்காவது கிடைக்குமா?"

ஏழு வருஷம் திட்டித் திட்டித் தின்றதை
நாக்கு தனியே கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

மறுநாள் மூன்றரைக்கு
மாஸ்டர் உப்பு மூட்டை எடுக்கக் கீழே போன நேரம்
மிஞ்சிய வெள்ளை மாவில் பாலும் சீனியும் கூட்டிப் பிசைந்து
தகர அச்சில் ஒன்றே ஒன்று வைத்தேன்.
அச்சுப் பாண் என்று என் கை நினைத்தது.
சாங்சுன் என்ன நினைக்குமென்று யாருக்குத் தெரியும்?
மாஸ்டர் தட்டைப் பார்த்து, "இதென்ன?"
"பிழை" என்றேன்.
பிழைக்கு விலை போடுவதில்லை.

ஆறரை. கண்ணாடி நடுங்கி அடங்கியது.
கூல்மன் பிய்த்து வாயில் வைத்தார்,
வெகுநேரம் மென்றார்.
"இது அது இல்லை" என்றார்.
நானும் ஒரு துண்டு பிய்த்தேன்.
என்னுடையதும் இல்லை.

அடுத்த ரயில் வருமுன்
நின்றபடியே முழுதையும் தின்று முடித்தோம்.
உதட்டைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:
ரொக்கன், ஒரு கிலோ,
வெட்ட வேண்டாம்.